பத்தாவது வார ரத்தப் பரிசோதனையும் ‘என்ன குழந்தை’ என்ற கேள்வியும்

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கும் கேள்வி இது. அவருக்கு வயது 36. முதல் குழந்தை பெண், ஆறு வயது. இப்போது மறுபடியும் மாசமாக இருக்கிறார், ஒன்பதாவது வாரம் நடக்கிறது. வயதைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, ‘அடுத்த வாரம் வந்து என்.ஐ.பி.டி. ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லியிருக்கிறார். அம்மாவின் ரத்தத்தை வைத்தே குழந்தையின் குரோமோசோம்களில், அதாவது மரபணுக்களைச் சுமக்கும் இழைகளில், கோளாறு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை அது. அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார், ‘அதே டெஸ்டில்தான் எங்களுக்குப் பத்தாவது வாரத்திலேயே ஆணா பெண்ணா என்று சொன்னார்கள்’ என்று போனில் சொல்ல, அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. திருப்பூரில் தெரிந்தவர் ஒருவர், ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி முடிவு வாங்கித் தருவதாகச் சொல்கிறாராம். அது உண்மையா, நம்பலாமா, டாக்டரிடமே கேட்டால் சொல்வார்களா, கேட்பதே தப்பாகிவிடுமா? இவ்வளவும் கேட்டுவிட்டு, ‘எனக்கு எதுவானாலும் சரிதானுங்க, மாமியாருக்குத்தான்’ என்று ஒரு வரியும் எழுதியிருக்கிறார்.

அம்மிணி, நான் கோவையில் மரபணு ஆலோசகராக இருக்கிறேன். அதற்கு முன் பல வருடம் லேபில் இந்த ரத்தக் குழாய்களைக் கையில் வைத்து வேலை பார்த்தவள். சொந்த ஊர் காங்கயம் பக்கம், அதனால் உங்கள் வீட்டுப் பேச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உங்கள் நாத்தனார் சொன்னது பொய்யில்லை. கர்ப்பிணியின் ரத்தத்திலிருந்து குழந்தையின் பாலினத்தை அறிய முடியும். 1997-ல் டென்னிஸ் லோ என்ற ஹாங்காங் விஞ்ஞானி, தாயின் ரத்தத் தெளிவில் குழந்தையின் டி.என்.ஏ. துணுக்குகள் மிதக்கின்றன என்று கண்டுபிடித்தார். அதை அவர் நிரூபித்ததே ஆண் குழந்தையைச் சுமந்த தாய்மார்களின் ரத்தத்தில், ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமின் துணுக்குகளைத் தேடித்தான். தாயின் உடலில் ஒய் கிடையாது, ஆகவே அங்கே ஒய் தென்பட்டால் அது குழந்தையுடையதாகத்தான் இருக்க வேண்டும். பிறவியிலேயே மூளை, உடல் வளர்ச்சியைப் பாதிக்கும் டவுன் சிண்ட்ரோம் மாதிரியானவற்றைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையாக இது ஆஸ்பத்திரிகளுக்கு வர 2011 ஆனது.

ஏன் அவ்வளவு காலம்? இங்கேதான் இந்தப் பரிசோதனையைப் புரிந்துகொள்ளும் இடம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பனியன் கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் நாள் முடிவில் தரையைக் கூட்டினால் துணுக்குத் துணி குவியும் அல்லவா? நம் உடம்பிலும் செல்கள் ஓயாமல் அழிந்து, டி.என்.ஏ. துணுக்குகளாக ரத்தத்தில் கலக்கின்றன. மாசமாக இருக்கும்போது நஞ்சுக்கொடியின் செல்களும் அதே போல அழிந்து கலக்கின்றன. பத்தாவது வாரத்தில் இந்தக் குவியலில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு அம்மாவுடையது, ஒரு பங்குதான் நஞ்சுக்கொடியுடையது. ‘குழந்தையின் டி.என்.ஏ.’ என்று நாங்கள் பேச்சுவாக்கில் சொல்வது உண்மையில் நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ. அநேகமாக இரண்டும் ஒன்றாகவே இருக்கும். எப்போதாவது இருக்காது. அதை அப்புறம் சொல்கிறேன்.

இந்தக் குவியலில் ஒவ்வொரு துணுக்கும் எந்தக் குரோமோசோமிலிருந்து வந்தது என்று பார்த்து, லட்சக்கணக்கில் எண்ணுவதுதான் பரிசோதனை. குழந்தைக்கு 21-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருந்தால், அதுதான் டவுன் சிண்ட்ரோம். அப்போது 21-க்குரிய துணுக்குகள் கொஞ்சம் கூடுதலாக வரும். எவ்வளவு கூடும் என்று நினைக்கிறீர்கள்? குழந்தையின் பங்கு பத்து சதவீதம் இருந்தால், 100 வர வேண்டிய இடத்தில் 105. பங்கு நாலு சதவீதமாக இருந்தால் 102. அவ்வளவுதான் வித்தியாசம். இதைப் பிழையில்லாமல் எண்ணக் கற்றுக்கொள்ளத்தான் அத்தனை வருடம் ஆனது. குழந்தையின் பங்கு நாலு சதவீதத்துக்குக் கீழே போனால் பெரும்பாலான லேப்கள் முடிவு சொல்லாமல் மறுபடி ரத்தம் கேட்பதும் இதனால்தான். உடல் எடை அதிகமுள்ள அம்மாக்களுக்கு இப்படித் திரும்ப எடுக்க வேண்டி வருவது சகஜம், பயப்பட வேண்டாம்.

ஒய் குரோமோசோமுக்கு இவ்வளவு நுணுக்கமான எண்ணிக்கை தேவையில்லை. வெள்ளைத் துணிக் குவியலில் ஒரு சிவப்பு நூல் கிடக்கிறதா என்று தேடுவது போல. கிடந்தால் ஆண். கிடக்கவில்லை என்றால்? பெண்ணாக இருக்கலாம். நூல் மிகக் குறைவாக இருந்து நம் கண்ணில் படாமலும் போயிருக்கலாம். ‘பெண்’ என்ற முடிவு இந்தப் பரிசோதனையில் நேராகக் கிடைப்பதில்லை, ‘ஒய் காணோம்’ என்பதிலிருந்து அனுமானித்துச் சொல்வது. ஏழு வாரத்துக்கு முன் எடுத்தால் இதை நம்பவே முடியாது. நல்ல லேபில் பத்து வாரத்துக்குப் பிறகு முறையாகச் செய்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

திருப்பூர் ஆள் சொல்வதை இப்போது இதோடு சேர்த்துப் பாருங்கள். சாதாரணக் குழாயில் எடுத்த ரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் சுழற்றித் தெளிவைப் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அம்மாவின் வெள்ளை அணுக்கள் உடைந்து, அவருடைய டி.என்.ஏ. குவியலில் கொட்டும். அம்மாவின் பங்கு ஏற ஏற, குழந்தையின் பங்கு கரைந்து போகும். அணுக்கள் உடையாமல் காக்கும் மருந்து போட்ட தனிக் குழாய்கள் இருக்கின்றன, முறையான லேப்கள் அவற்றைத்தான் தரும். திருட்டுத்தனமாக, யார் எடுத்தார்கள், எந்தக் குழாயில் எடுத்தார்கள், எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்று தெரியாமல் போகும் ரத்தத்தில் ஒய் இருந்தாலும் தென்படாமல் போகும். அப்போது கைக்கு வரும் பதில் ‘பெண்’. இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு ஒரு வீடு என்ன முடிவெடுக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. வீட்டிலேயே விரலைக் குத்தி எடுக்கும் கிட்களில், பக்கத்தில் இருக்கும் கணவரின் கை பட்டாலே அவருடைய டி.என்.ஏ. ஒட்டிக்கொள்ளும், பதில் ‘ஆண்’ என்று வரும். ஆரம்பத்தில் இரட்டைக் கருவாக இருந்து, ஒன்று தானாகவே கரைந்து போயிருந்தால், போனதன் ஒய் இன்னும் சில வாரம் ரத்தத்தில் மிதக்கும். ஆணிடமிருந்து உறுப்பு தானம் பெற்ற அம்மாவுக்கும் இதே குழப்பம் வரும்.

ரத்தம் கடத்துவது நம் ஊரில் மட்டும் கேட்கும் கதையும் அல்ல. சீனாவில் பாலினம் சொல்லத் தடை, ஹாங்காங்கில் சோதித்துக்கொள்ள முடியும் என்பதால், எல்லையைத் தாண்டி ரத்தம் கடத்த ஒரு கூட்டமே இருந்தது. 2019-ல் ஷென்சென் எல்லைச் சாவடியில் பன்னிரண்டு வயதுப் பள்ளிக்கூடப் பிள்ளையின் முதுகுப்பையில் 142 குழாய் கர்ப்பிணி ரத்தம் பிடிபட்டது. ஒரு குழந்தையின் பையில் 142 குழந்தைகளின் ‘என்ன’ என்ற கேள்வி. அந்தச் செய்தியைப் படித்த நாளை நான் மறக்கவில்லை.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். கருவிலேயே பாலினம் அறிவதைத் தடுக்க, நம் நாட்டில் 1994-ல் வந்து 2003-ல் கடுமையாக்கப்பட்ட சட்டம் இது. ஸ்கேனுக்கு மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். பரிசோதனை என்றால் என்ன என்று அந்தச் சட்டம் விளக்கும் இடத்திலேயே, கர்ப்பிணியின் ரத்தம் என்ற சொல் வெளிப்படையாக இருக்கிறது. பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ வேறு எந்த விதத்திலோ கர்ப்பிணிக்கோ உறவினருக்கோ தெரிவிக்கக் கூடாது. ஆகவே இங்கே எடுக்கும் என்.ஐ.பி.டி. ரிப்போர்ட்டில் அது இருக்காது, டாக்டரும் சொல்ல மாட்டார், லேபும் சொல்லாது. சொல்கிற டாக்டருக்கு 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தண்டனை உறுதியானால் 5 ஆண்டு மருத்துவப் பதிவு போய்விடும், இரண்டாம் முறை என்றால் நிரந்தரமாகப் போய்விடும். பாலினம் அறியத் தேடிப் போகிற கணவருக்கும் உறவினருக்கும் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றப் பிரிவு. விளம்பரம் செய்வதும் குற்றம்தான்.

உங்களுக்குத் தெரிய வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. கர்ப்பிணிப் பெண் கட்டாயத்தின் பேரில்தான் இதற்கு உட்பட்டார் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று காட்டுவது எதிர்த்தரப்பின் பாடு. சட்டம் எழுதியவர்களுக்கு நம் வீடுகளின் நிலைமை தெரிந்திருக்கிறது. டாக்டரிடம் வாய் தவறிக் கேட்டுவிட்டீர்கள் என்பதற்காக உங்களை யாரும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள், சொல்ல முடியாது என்பார், அவ்வளவுதான். ஆனால் திருப்பூர் ஆளிடம் பணம் கொடுத்து ரத்தம் கொடுத்தால், அது வேறு.

வெளிநாட்டில் எல்லாம் சொல்கிறார்களே என்று நாத்தனார் கேட்கலாம். அமெரிக்காவில் சொல்வார்கள். இங்கிலாந்தில் அரசு மருத்துவ சேவை செய்யும் இதே பரிசோதனையில் பாலினம் சொல்வதில்லை. ஜெர்மனியில் ஒரு கட்டம் தாண்டும் வரை சொல்லச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஒவ்வொரு நாடும் தன் கதையைப் பார்த்துத்தான் சட்டம் போடுகிறது.

நம் கதை என்ன? 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தமிழ்நாட்டிலேயே முதலில் சேலத்தில் தொடங்கியது. பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், வேண்டாம் என்றால் இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று ஓர் அரசாங்கம் கெஞ்ச வேண்டியிருந்த மண் இது. 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் பிள்ளைகளுக்கு 851 பெண் பிள்ளைகள்தான் இருந்தார்கள். அதே கணக்கில் தமிழ்நாடு முழுவதற்கும் 942. அந்த வருடங்களில் பிறந்த பையன்கள்தான் இப்போது பெண் கிடைக்காமல் ஜாதகத்தோடு அலைகிறார்கள். கோபி, சத்தி, தாராபுரம் பக்கமெல்லாம் தோட்டம் துரவு உள்ள வீடுகளே பாலக்காட்டுப் பக்கம் பெண் பார்க்கப் போவது உங்களுக்கும் தெரியும். விவசாயம் பார்க்கிறவனுக்குப் பெண் தரத் தயங்குவது உட்பட அதற்குக் காரணம் பல உண்டு. பிறக்காமல் போன பெண்களும் அந்தக் காரணங்களில் ஒன்று.

லேபில் இருந்தபோது ஒரு குடும்பம் வந்தது. மாமியார், மாமனார், கணவர், கர்ப்பிணி, நாலு பேரும். ரிப்போர்ட் கவர் என்ன நிறம், கையெழுத்து எந்த மையில் இருக்கிறது, ரிசப்ஷன் பெண் சிரித்தாளா இல்லையா என்று ஒவ்வொன்றிலும் ரகசியக் குறிப்பு தேடினார்கள். கவரின் ஓரத்தில் இருந்த நீலப் புள்ளியைக் காட்டி, ‘இதுக்கு என்னங்க அர்த்தம்?’ என்று மாமனார் கேட்டார். அச்சுக்கூடத்தில் விழுந்த மைப் புள்ளி அது. ரிப்போர்ட்டின் நடுவில், குழந்தையின் டி.என்.ஏ. பங்கு போதவில்லை, முடிவு இல்லை, இரண்டு வாரத்துக்குள் மறுபடி ரத்தம் தரவும் என்று தெளிவாக எழுதியிருந்தது. அதை நாலு பேரில் ஒருவர்கூடப் படிக்கவில்லை. அவர்கள் திரும்ப வந்தபோது ஐந்து வாரம் ஓடிவிட்டிருந்தது. நான் மரபணு ஆலோசனைப் பக்கம் வந்ததற்கு அந்த மைப் புள்ளியும் ஒரு காரணம்.

எனக்கு இந்த விஷயத்தில் இருக்கும் வருத்தமே இதுதான், அம்மிணி. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து எடுக்கும் பரிசோதனை, குழந்தையைப் பற்றி எவ்வளவோ சொல்ல வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் ‘என்ன குழந்தை’ என்ற ஒரே கேள்வி காதை அடைத்துவிடுவதால், அது சொல்வதும் கேட்பதில்லை, அது சொல்லாமல் விடுவது எது என்றும் தெரிவதில்லை.

உங்கள் வயதில் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 300-ல் ஒன்று. 25 வயதில் அது 1,250-ல் ஒன்று மாதிரி இருந்திருக்கும். டாக்டரம்மா பரிசோதனை கேட்டதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான், அவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். 21, 18, 13 ஆகிய மூன்று குரோமோசோம்களையும் முக்கியமாகப் பார்ப்பார்கள். ‘வாய்ப்பு குறைவு’ என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாம். ‘வாய்ப்பு அதிகம்’ என்று வந்தால் அதையே முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நஞ்சுக்கொடியும் குழந்தையும் எப்போதாவது ஒன்றாக இருக்காது என்றேனே, அது இங்கேதான் விளையாடும். நஞ்சுக்கொடியில் மட்டும் கோளாறு இருந்து, குழந்தை நலமாகப் பிறந்த வீடுகள் உண்டு. பதினொன்று முதல் பதின்மூன்று வாரத்துக்குள் நஞ்சுக்கொடியில் சிறு துணுக்கு எடுத்தோ, பதினாறாவது வார வாக்கில் பனிக்குட நீர் எடுத்தோ உறுதி செய்யாமல் எந்த முடிவுக்கும் போகாதீர்கள்.

என்.ஐ.பி.டி. எடுத்தாயிற்று என்று ஸ்கேனை விட்டுவிடவும் கூடாது. 11-வது வாரம் தொடங்கி 13 வாரம் 6 நாளுக்குள், குழந்தையின் பின்கழுத்தில் உள்ள நீரின் அளவைப் பார்க்க எடுக்கும் என்.டி. ஸ்கேன், அப்புறம் 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன், இரண்டும் கட்டாயம். இதயக் கோளாறு, முதுகெலும்புக் கோளாறு எல்லாம் ரத்தத்தில் தெரியாது, ஸ்கேனில்தான் தெரியும்.

நம் பக்கத்து வீடுகளுக்கு இன்னொரு விஷயம். நீங்கள் மாமன் மகன், அத்தை மகன் என்று உறவுக்குள் கட்டிக்கொண்டவரா? அப்படியானால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாயும் தகப்பனும் ஒரே பழுதான மரபணுவை ஆளுக்கு ஒன்றாக வைத்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு அந்த நோய் வரும். வழக்கமான என்.ஐ.பி.டி. குரோமோசோம் எண்ணிக்கையைத்தான் பார்க்கும், இதைப் பார்க்காது. ‘எல்லா டெஸ்டும் எடுத்தோமே’ என்று பின்னால் அழுத குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாந்தார்கள். இப்படிப் பரம்பரையாக வரும் ரத்தசோகை நோயான தலசீமியாவின் மரபணு இருக்கிறதா என்று பார்க்க உங்களுக்கும் கணவருக்கும் தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை போதும், செலவும் குறைவு.

பாலினம் உண்மையிலேயே மருத்துவத்துக்குத் தேவைப்படும் இடமும் ஒன்று உண்டு. நம் ஊரில் எந்த விசேஷத்திலும் தாய்மாமனுக்குத்தான் முதல் மரியாதை. மரபணு ஆலோசனையிலும் நாங்கள் முதலில் விசாரிப்பது தாய்மாமனைத்தான். ரத்தம் உறையாத ஹீமோபீலியா, சின்ன வயதிலேயே தசை வலுவிழந்து நடக்க முடியாமல் போகும் டுஷேன் நோய், இரண்டும் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருபவை. பெண்கள் பெரும்பாலும் நோயில்லாமல் சுமப்பார்கள், பையன்களுக்கு வெளிப்படும். உங்கள் அண்ணன் தம்பிக்கோ, உங்கள் அம்மாவின் அண்ணன் தம்பிக்கோ அப்படி ஏதும் இருந்திருந்தால் சொல்லுங்கள். இத்தகைய நோயைக் கண்டறியும் பரிசோதனைக்குச் சட்டமே இடம் தருகிறது, பதிவு பெற்ற மையத்தில், மருத்துவர் வழியாக. அங்கே கூட, அது நோயைப் பார்ப்பதற்காகத்தான்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அவர்களைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காலத்தில் பையன் பெறாத மருமகளுக்கு வீட்டில் என்ன இடம் இருந்தது என்று அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள், ஒருவேளை பட்டவர்களாகவும் இருக்கலாம். ஒரு விஷயத்தை மட்டும் உங்கள் கணவரை விட்டே அவர்களிடம் சொல்லச் சொல்லுங்கள். அம்மாவின் முட்டையில் எப்போதும் எக்ஸ் மட்டும்தான். எக்ஸா ஒய்யா என்பது அப்பாவின் விந்தணுவில்தான் இருக்கிறது. ‘மருமகள் பெண்ணாகவே பெறுகிறாள்’ என்ற பேச்சுக்கு உடம்பில் ஆதாரமே கிடையாது. இதை மகன் வாயால் கேட்டால் ஏற்றுக்கொள்கிற அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வயிறு கூராக இருக்கிறது, முகம் கறுத்திருக்கிறது, மசக்கை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற பேச்செல்லாம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

கெடுதல் வருவது, பேச்சு மிரட்டலாக மாறும்போது. ‘பார்த்துவிட்டு வா, இல்லாவிட்டால் வேண்டாம்’ என்று யாராவது சொன்னால், அன்றைக்கே டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள். கணவர் வெளியே இருக்க, உங்களை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசும்படி கேட்கலாம், அது உங்கள் உரிமை. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். உங்களுக்குச் சம்மதம் இல்லாமல் யாரும் கருவைக் கலைக்கச் சட்டத்தில் இடமே கிடையாது.

‘எனக்கு எதுவானாலும் சரிதானுங்க’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் முழுசாக நம்புகிறேன். அந்த ஆறு வயதுப் பிள்ளையும் இந்தப் பேச்செல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். ‘பாப்பா வரப் போகுது’ என்று அதனிடம் சொல்லியாயிற்றா?

அடுத்த வாரம் போகும்போது, கடைசி மாதவிலக்குத் தேதியும், முதலில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். வாரக் கணக்கு தப்பினால் எல்லாம் தப்பும். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதையும் நினைவுபடுத்துங்கள், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடம்பு கிளம்பாமல் இருக்க ஊசி போட வேண்டியிருக்கும். ரிப்போர்ட் வந்ததும் குழந்தையின் டி.என்.ஏ. பங்கு எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள். போவதற்கு முன்னால் உங்கள் அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, அவருடைய கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், யாராவது சின்ன வயதிலேயே தவறிவிட்டார்களா, என்ன காரணம் என்று விசாரித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவைப் பெற்ற அமிச்சி உயிரோடு இருந்தால் அவரிடமே கேளுங்கள், அவர்களுக்குத்தான் இதெல்லாம் நினைவிருக்கும்.